பெரிய எலும்பு சொல்லாத பதில்

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், விட்னி அவென்யூவில் இருக்கிறது யேல் பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகம். அதன் டைனோசர் கூடத்துக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் எலும்புகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் சுவரைத் தேடிப் பார்த்தேன். 110 அடி நீளம், 16 அடி உயரத்துக்கு ஒரே ஓவியம். யேல் ஓவியப் பள்ளியில் பயின்ற ருடால்ஃப் சாலிங்கர் 1943-இல் தொடங்கி 1947-இல் முடித்தது. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலான உயிர் வரலாறு அதன் வலக்கோடியில் தொடங்கி இடக்கோடியில் முடிகிறது. 1953-இல் லைஃப் இதழ் இதன் மாதிரி ஓவியத்தை அச்சிட்டது. அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பிள்ளைகளின் புத்தகங்களில் வந்த டைனோசர்களில் பல இந்தச் சுவரிலிருந்து கிளம்பியவைதான்.

அந்த டைனோசர்கள் எப்படி இருக்கின்றன என்று நிதானமாகப் பார்த்தேன். டைரனோசாரஸ் பெருத்த வயிற்றோடு நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் போட்டிருக்கிறது. ப்ரோன்டோசாரஸ் நீருக்குள் பாதி உடம்பை இறக்கி நிற்கிறது. அத்தனை எடையை நிலத்தில் அந்தக் கால்கள் தாங்காது என்று அன்று பலரும் நம்பினார்கள். ஒன்றுகூட ஓடவில்லை. எதற்கும் எந்த அவசரமும் இல்லை. வெயிலில் காய்ந்து, சூடேறி, பிறகு மெல்ல நகர்கிற ராட்சதப் பல்லிகளின் உலகம் அது. ஓவியமாக அது அபாரமானது. அந்தக் காலத்து அறிவியல் சொன்னதைச் சாலிங்கர் ஒரு இலை பிசகாமல் தீட்டியிருக்கிறார்.

சுவரிலிருந்து பார்வையை இறக்கினால் கூடத்தின் நடுவில் அதே ப்ரோன்டோசாரஸ் எலும்பாக நிற்கிறது. வால் தரையில் இல்லை. அந்தரத்தில் நீண்டு போகிறது. ஓத்னியல் மார்ஷ் 1879-இல் பெயர் வைத்த எலும்புக்கூடு இதுதான். வயோமிங் மாநிலத்தின் கோமோ பிளஃப் மேட்டில் தோண்டி எடுத்தது. 1931-இல் இங்கே நிறுத்தியபோது வால் தரையில் இழுபட்டபடிதான் இருந்தது. கூடத்தைச் சில ஆண்டுகள் மூடிப் புதுப்பித்து 2024-இல் திறந்தபோது வாலைத் தூக்கிவிட்டார்கள். ஒரே கூரையின் கீழ், ஒரே விலங்குக்கு இரண்டு உடல்கள். சுவரில் இருப்பது சோம்பல். தரையில் நிற்பது நடை. இவை இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் விவாதம்தான் என்னை இங்கே இழுத்து வந்தது: டைனோசர்கள் வெப்ப ரத்தப் பிராணிகளா, குளிர் ரத்தப் பிராணிகளா?

என்னோடு வந்தவள் அக்கா மகள். புவிவேதியியலில் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிறாள். பாறைத் துகளைப் பொடித்து அதில் பழைய கடல்களின் வெப்பநிலையைக் கண்டுபிடிப்பது அவள் வேலை.

"சித்தி, கேள்விய முதல்ல பிரிச்சிக்கணும். சூடு எங்கேருந்து வருதுங்கறது ஒண்ணு. அது நிலையா இருக்கா இல்லையாங்கறது இன்னொண்ணு," என்றாள்.

அவள் சொன்னது சரி. நண்பகல் பாறையில் கிடக்கும் ஓணானின் ரத்தம் நம் ரத்தத்தைவிடச் சூடாக இருக்கலாம். ஆனால் அது வெயிலின் சூடு. மேகம் மறைத்தால் இறங்கிவிடும். நாமும் பறவைகளும் தின்னும் தீனியை உடலுக்குள்ளேயே எரித்துச் சூட்டை உண்டாக்குகிறோம். அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. ஒரே எடையுள்ள ஒரு பாலூட்டிக்கும் ஒரு பல்லிக்கும் வேண்டிய உணவை ஒப்பிட்டால், பாலூட்டிக்கு ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். அந்தச் செலவுக்குப் பலனாக இரவிலும் குளிரிலும் ஓடலாம்; வேகமாக வளரலாம். இடையில் நிற்பவையும் உண்டு. சூரை மீன் தன் நீச்சல் தசைகளைக் கடல்நீரைவிடச் சூடாக வைத்திருக்கிறது. எனவே டைனோசர்களைப் பற்றிய கேள்வி அவை எவ்வளவு தின்றன, எவ்வளவு ஓடின, எங்கெல்லாம் வாழ முடிந்தது என்று அவற்றின் முழு வாழ்க்கையையும் பற்றிய கேள்வியாகிறது.

1842-இல் டைனோசர் என்ற பெயரையே உண்டாக்கிய ரிச்சர்ட் ஓவன், அவற்றின் இதயமும் ரத்த ஓட்டமும் வெப்ப ரத்தப் பிராணிகளுடையதை நெருங்கியிருக்கலாம் என்று அப்போதே எழுதிவிட்டார். 1901-இல் இதே பீபாடியின் பழைய கட்டடத்தில் சார்லஸ் பீச்சர் ஒரு வாத்தலகு டைனோசரின் எலும்புக்கூட்டை ஓடும் நிலையில், வால் தரையில் படாமல் நிறுத்தினார். ஆக, வேகமான டைனோசர் என்ற எண்ணம் புதியதல்ல, நடுவில் கைவிடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் டைனோசர் என்றாலே அழிந்தொழிந்த பழங்காலத் தோல்வி என்ற எண்ணம் படிந்துவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் பாலூட்டிகளின் பக்கம் போனார்கள். சாலிங்கரின் சுவர் அந்த மறதியின் உச்சத்தில் எழுந்தது.

மறதியைக் கலைத்த விலங்கும் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறது. ப்ரோன்டோசாரஸைச் சுற்றியே கூட்டம் நிற்பதால் அதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். டைனானிகஸ். நீளம் 11 அடி. அதில் பாதிக்கு மேல் வால். எடை ஒரு ஆளின் எடைதான்.

1964 ஆகஸ்டில் மான்டானா மாநிலத்தின் பிரிட்ஜர் என்ற சிற்றூருக்கு அருகே, யேல் பேராசிரியர் ஜான் ஆஸ்ட்ரமும் அவருடைய உதவியாளர் கிராண்ட் மேயரும் ஒரு சரிவில் நடந்துகொண்டிருந்தபோது, மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கைநகத்தைப் பார்த்தார்கள். அதைத் தோண்டத் தோண்ட வந்தது ஒரு புது விலங்கு; ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. ஆஸ்ட்ரம் அவசரப்படவில்லை. ஐந்து ஆண்டுகள் எலும்பு எலும்பாகப் படித்து 1969-இல் வெளியிட்டார்.

அந்த எலும்புகளின் முன் நான் வெகுநேரம் நின்றேன். பின்னங்காலின் இரண்டாவது விரலில் அரிவாள் போல வளைந்த பெரிய நகம். நடக்கும்போது அது தரையில் தேயாதபடி மேலே தூக்கி மடக்கிக்கொள்ள மூட்டு இருக்கிறது. அந்த நகத்தைப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலால் உதைக்க வேண்டும், அல்லது எகிறிப் பாய வேண்டும். வாலைப் பார்த்தால் முள்ளெலும்புகளிலிருந்து கிளம்பிய மெல்லிய எலும்புக் கம்பிகள் நெடுக ஓடி அதை விறைப்பாகப் பிணைத்திருக்கின்றன. தரையில் இழுபட அது தோதுப்படாது. பாயும்போதும் திரும்பும்போதும் சமநிலை தரத்தான் அது உதவும். முன்கையின் மணிக்கட்டு எலும்பு பறவையுடையது மாதிரியே பக்கவாட்டில் மடங்குகிறது. இப்படி ஒரு உடல் வெயிலுக்குக் காத்துக் கிடந்திருக்குமா? ஆஸ்ட்ரம் கேட்டது அதைத்தான். அதே ஆண்டு சிகாகோவில் நடந்த மாநாட்டில் அவர் ஒன்று சொன்னார்: டைனோசர் எலும்பு கிடைக்கும் இடமெல்லாம் வெப்ப நாடாக இருந்தது என்று இனி நாம் எளிதாக முடிவுகட்ட முடியாது. உடலுக்குக் கீழே நேராக நிற்கும் கால்கள் இன்று பாலூட்டிகளிடமும் பறவைகளிடமும் மட்டுமே இருக்கின்றன. நிமிர்ந்த உடலுக்கு இடைவிடாத சக்தி வேண்டும்.

ஆஸ்ட்ரமின் நூலில் ஓடும் டைனானிகஸை வரைந்தவர் அவருடைய மாணவர் ராபர்ட் பேக்கர். ஒரு கால் தூக்கி, வால் விறைத்து, முழு வேகத்தில் ஓடுகிறது அந்தப் படத்தில். சாலிங்கரின் சுவரைப் பார்த்துவிட்டு அந்தப் படத்தை நினைத்தால், நடுவில் இருபத்திரண்டே ஆண்டுகள் என்பது நம்பக் கடினமாக இருக்கிறது. பேக்கர் 1968-லேயே பீபாடியின் சொந்த இதழில் டைனோசர்களின் மேன்மையைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தார். 1972-இல் நேச்சர் இதழில், 1975-இல் சயன்டிஃபிக் அமெரிக்கனில், 1986-இல் தனி நூலாக அவர் வாதாடினார். எல்லா டைனோசர்களும் வெப்ப ரத்தம் கொண்டவை என்பது அவர் கட்சி. அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று கணக்கு. வெப்ப ரத்த வேட்டை விலங்குக்கு நிறைய இரை வேண்டும். ஆகவே ஒரு காட்டில் அவை குறைவாகவே இருக்க முடியும். புதைபடிவங்களை எண்ணிப் பார்த்தால் கொன்றுண்ணும் டைனோசர்கள் குறைவு, இரை மிகுதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எது புதையும், எது கரையும், எதை யார் தோண்டி எடுப்பார் என்பதெல்லாம் அந்த எண்ணிக்கையைக் குலைத்துவிடும். அதோடு, அந்தக் கணக்கு இரையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆஸ்ட்ரமே தன் மாணவர் போன தூரத்துக்குப் போகவில்லை. ஆனாலும் பேக்கர் பிடிவாதமாக நின்றதால்தான் மற்றவர்கள் எழுந்து வந்து எதிர்ச் சான்று தேடினார்கள். அந்த நன்றியை நான் அவருக்கு மனதாரச் சொல்வேன். 1978-இல் வாஷிங்டனில் இதற்கென்றே ஒரு கருத்தரங்கு கூடியது. அந்த விவாதத்திலிருந்து தடித்த நூல் ஒன்று வந்தது.

இனி ப்ரோன்டோசாரஸுக்கு வருவோம். எழுபது அடி நீளம். தொடையெலும்பின் பக்கத்தில் நின்றால் நாம் சிறுத்துப் போகிறோம். இத்தனை பெரிய உடலை வைத்து இந்த வழக்கைத் தீர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இதுதான் மிக மோசமான சாட்சி.

அண்டா நிறைய வெந்நீர் வைத்தால் ஆறுவதற்குப் பாதி நாள் ஆகும். அதே வெந்நீரைத் தம்ளரில் ஊற்றினால் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறிவிடும். உடல் பெருக்கப் பெருக்க உள்ளிருக்கும் எடை எகிறுகிறது. சூட்டை வெளியே விடும் தோலின் பரப்பு அந்த வேகத்தில் கூடுவதில்லை. 1940-களில் எட்வின் கோல்பர்ட், ரேமண்ட் கவுல்ஸ், சார்லஸ் போகர்ட் மூவரும் ஃபுளோரிடாவில் அலிகேட்டர் முதலைகளை வெயிலில் வைத்து அளந்து பார்த்தார்கள். குட்டிகள் சட்டென்று சூடேறின, சட்டென்று ஆறின. பெரியவை இரண்டுக்கும் வெகுநேரம் எடுத்துக்கொண்டன. இதை டைனோசர் அளவுக்கு நீட்டினால், உள்ளே அடுப்பு எதுவும் எரியாமலேயே ஒரு ராட்சத உடல் இரவும் பகலும் சூடாக இருந்துவிடலாம்.

கூடத்தில் இருக்கும் ஆர்கெலோன் இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. இதுவரை வாழ்ந்த கடலாமைகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று. தெற்கு டகோட்டாவில் கிடைத்தது. வலது பின் துடுப்பு இல்லை. உயிரோடு இருக்கும்போதே ஏதோ ஒன்று கடித்துக்கொண்டு போயிருக்கிறது. இன்றைய கடலில் பெரிய ஆமை என்றால் ஏழுவரி ஆமைதான். ஓட்டுக்குப் பதில் தோல் போர்த்திய அந்த ஆமை, கனடாவின் குளிர்ந்த கடல்வரை நீந்திப் போகிறது. 7.5 டிகிரி செல்சியஸ் நீரிலிருந்து எடுத்த ஒன்றின் உடல் 25.5 டிகிரி இருந்ததை 1972-இல் அளந்திருக்கிறார்கள். பாலூட்டி அளவுக்கு எரிபொருள் செலவழிக்காமல், பெருத்த உடலையும் கொழுப்பையும் ரத்த ஓட்டத்தை மாற்றி விடும் திறனையும் கொண்டே இதைச் சாதிக்கிறது என்று 1990-இல் ஃபிராங்க் பலடினோவும் சகாக்களும் காட்டினார்கள். ஆமையால் முடிந்தது ப்ரோன்டோசாரஸால் முடியாதா?

"அப்போ இந்தப் பெரிய ஆளுகிட்ட சூடா இருந்தியான்னு கேட்டா, ஆமாம்பாரு. எப்படி சூடா இருந்தேன்னு கேட்டா வாய மூடிப்பாரு," என்றாள் அக்கா மகள்.

அவள் துறையைச் சேர்ந்தவர்கள் அந்த முதல் பதிலை அளந்தே விட்டார்கள். பல்லின் எனாமலிலும் முட்டை ஓட்டிலும் கார்பனேட் இருக்கிறது. அதில் கார்பனும் ஆக்சிஜனும் பெரும்பாலும் லேசான அணுக்கள். கொஞ்சம் மட்டும் கனமான ஐசோடோப்புகள். அந்தக் கனிமம் உருவான வெப்பநிலை குறைவாக இருந்தால் கனமான கார்பனும் கனமான ஆக்சிஜனும் ஒன்றோடொன்று சேர்ந்து பிணையும் வாய்ப்பு கூடும். வெப்பநிலை ஏறினால் அந்தச் சேர்க்கை குறையும். ஆகவே எத்தனை பிணைந்திருக்கின்றன என்று எண்ணினால் அந்தப் பல் வளர்ந்தபோது உடல் எத்தனை டிகிரி இருந்தது என்று தெரியும். கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து ஒரு விலங்குக்குத் தெர்மாமீட்டர் வைக்கும் இந்தச் செயல் என்னை இன்றும் மெய்சிலிர்க்க வைக்கிறது. 2011-இல் ராபர்ட் ஈகிளும் சகாக்களும் ப்ரோன்டோசாரஸின் உறவினர்களான நெடுங்கழுத்து டைனோசர்களின் பற்களை இப்படிச் சோதித்தார்கள். தான்சானியாவின் பெரிய ஒன்றுக்கு 38 டிகிரி. அமெரிக்காவின் கமராசாரஸுக்கு 36 டிகிரி அளவில். நம் உடலின் சூடு. எடையை மட்டும் வைத்துப் போட்ட கணக்குகள் இன்னும் அதிகச் சூட்டை எதிர்பார்த்தன. அதனால் இந்த உடல்களுக்குச் சூட்டைத் தணிப்பதும் ஒரு வேலையாக இருந்திருக்கும். ஆனால் சூட்டின் ஊற்று எது என்பதைப் பல் சொல்லவில்லை.

எலும்பைக் குறுக்கே அறுத்து, ஒளி புகும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பது இன்னொரு வழி. பிரான்ஸின் அர்மாண்ட் டி ரிக்லே 1970-களில் இதை முன்னெடுத்தார். டைனோசர் எலும்புகளில் ரத்தக்குழாய்கள் அடர்ந்து, நார்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடந்தன. வேகமாக வளரும் பசு, பறவை எலும்புகளில் காண்பது அது. தென்னாப்பிரிக்காவின் அனுசூயா சின்சாமி அதே எலும்புகளில் வளர்ச்சி நின்று நின்று போன கோடுகளையும் காட்டினார். அப்படிக் கோடுகள் ஊர்வனவற்றின் அடையாளம் என்று கருதப்பட்ட காலம் அது. எனவே டைனோசர் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது என்றார்கள் பலர். பிறகு 2012-இல் மெய்க்கே கோலரின் குழு, மான் முதலிய அசைபோடும் பாலூட்டிகளின் எலும்புகளிலும் ஆண்டுதோறும் அதே கோடு விழுவதைக் காட்டியது. கோடு சாட்சியத்திலிருந்து விலக்கப்பட்டது. வேகம் மட்டும் மிஞ்சியது. கோடுகளை எண்ணி கிரெகரி எரிக்சன் 2004-இல் போட்ட கணக்குப்படி, டைரனோசாரஸ் பதின்பருவத்தில் நாளொன்றுக்கு 2 கிலோவுக்கு மேல் எடை போட்டது. சுவரில் தொந்தியோடு நிற்கும் அந்த விலங்கை நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை சதையைத் தினமும் சேர்க்க அது எத்தனை ஓடியிருக்க வேண்டும்!

பெரியவை இப்படி இரண்டு பக்கமும் பேசும்போது, கேள்வியைச் சிறியவற்றிடம் கொண்டு போவதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது. சின்ன உடலால் சூட்டைத் தேக்கி வைக்க முடியாது. அது சூடாக இருந்திருந்தால், உள்ளே எரிந்ததால்தான் இருந்திருக்கும்.

1996-இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொல்லுயிரியலாளர்கள் கூடியிருந்தபோது, சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் கிடைத்த ஒரு சிறு டைனோசரின் புகைப்படங்கள் கைமாறின. சினோசாரோப்டெரிக்ஸ். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். கழுத்திலிருந்து வால்வரை பஞ்சு போன்ற இழைகள். பறவைகள் டைனோசர்களிலிருந்து வந்தவை என்று கால் நூற்றாண்டு வாதாடிய ஆஸ்ட்ரமும் அந்தப் படங்களைப் பார்த்தார். அடுத்த ஆண்டே சீனாவுக்குப் போய் அந்தக் கல்லை நேரில் கண்டார். அந்த இழைகளால் பறக்க முடியாது. குளிரைத் தடுக்க முடியும். வெயிலில் காய்ந்து சூடேற வேண்டிய உடலுக்குப் போர்வை இடைஞ்சல்தான்; உள்ளே அடுப்பு இருப்பவனுக்குத்தான் கம்பளி உதவும். இந்த ஒரு சான்றுதான் என்னை ஒரு பக்கம் சாய்த்தது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். பெரியவையும் பின்னால் வந்தன: 2012-இல் அறிவிக்கப்பட்ட யூடைரானஸ், 9 மீட்டர் நீளம், உடம்பெல்லாம் இறகு.

முட்டை ஓடுகளிலும் சிறியவை பேசின. 2020-இல் இதே யேல் பல்கலைக்கழகத்தின் ராபின் டாசன், பின்செல்லி ஹல் குழுவினர் மூன்று வகை டைனோசர்களின் ஓடுகளைச் சோதித்தார்கள். டைனானிகஸுக்குத் தூரத்து உறவான ட்ரூடன் என்ற சிறு டைனோசருக்கு ஒரு மாதிரியில் 38 டிகிரி, மற்றவற்றில் 27, 28. வாத்தலகு இனத்து மயாசோராவுக்கு 44 டிகிரி. அவற்றைச் சூழ்ந்த காற்றையும் நீரையும்விட அந்த உடல்கள் சூடாக இருந்தன என்பது அவர்கள் முடிவு. ட்ரூடன் ஏறி இறங்கியது ஏன்? சில பறவைகள் குளிரில் உடற்சூட்டைத் தணித்துச் செலவைக் குறைப்பது உண்டு, அதுபோல என்கிறார்கள்.

"இந்த டிகிரிய அளக்கற மெஷின் முன்னாடி உக்காந்து ஒரு நம்பர் வர்றதுக்கு எத்தனை தடவ ஓட்டணும் தெரியுமா சித்தி? டிகிரியப் பாத்து சந்தோஷப்படறதுக்கு முன்னாடி, அந்த ஓடு மண்ணுக்குள்ள வெந்துச்சா, மறுபடி படிகமாச்சான்னு பாக்கணும்."

அவள் குரலில் இருந்த கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. 2000-இல் ஒரு டைனோசரின் நெஞ்சுக்கூட்டில் நான்கு அறை இதயம் கல்லாகக் கிடைத்துவிட்டது என்று பெரிய செய்தி வந்தது. 2011-இல் ஆராய்ந்தபோது அது மணல் இறுகி உண்டான கட்டி என்று தெரிந்தது.

இதற்குள் ஸ்டெகோசாரஸின் முன் வந்து நின்றோம். முதுகில் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள். தகடுகளின் மேல் ரத்தக்குழாய் ஓடிய தடங்கள். அவை சூட்டை வெளியே விடும் விசிறிகள் என்று 1976-இல் ஜேம்ஸ் ஃபார்லோவும் சகாக்களும் மாதிரிகளைக் காற்றுக்குழாயில் வைத்துச் சோதித்துக் காட்டினார்கள். எனக்கு இந்த விலங்கிடம் வேறு காரணத்துக்காக அக்கறை. 2022-இல் ஜாஸ்மினா வீமனும் யேலின் ஜாக் கோத்தியே, டெரக் பிரிக்ஸ் முதலியோரும் நேச்சரில் ஒரு புது முறையை வெளியிட்டார்கள். நாம் மூச்சிழுத்து ஆக்சிஜனை எரிக்கும்போது கழிவாக உண்டாகும் வேதிப்பொருள்கள் புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டு நீரில் கரையாது, கோடி ஆண்டுகள் எலும்பில் நிற்கும். அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி எத்தனை ஒட்டு என்று அளந்தால், அந்த விலங்கு எவ்வளவு எரித்தது என்று தெரியும். தொடையெலும்புகளை அளந்தார்கள். ஊனுண்ணி டைனோசர்களும் நெடுங்கழுத்து டைனோசர்களும் பறவை அளவுக்கு எரித்தவை. ஸ்டெகோசாரஸும் மூன்று கொம்பு ட்ரைசெராடாப்ஸும் வாத்தலகு டைனோசர்களும் குறைவாக எரித்தவை. மூதாதை சூடாக இருந்தது. இந்தக் கிளை பிற்பாடு குளிர்ந்தது என்பது அவர்கள் வாதம்.

இந்த முறையின் சிறப்பு, உடலின் பருமன் அதை ஏமாற்றாது என்பதுதான். சூட்டை விட்டுவிட்டு எரிப்பையே அளக்கிறது. ஆனால் புதைந்த எலும்பில் அந்த ஒட்டுகளை எவ்வளவு நம்பலாம், கணக்கிட்ட விதம் சரியா என்று அடுத்த ஆண்டே அதே இதழில் மறுப்பு வந்தது. எனக்கு உறுத்துவது இன்னொன்று. வாத்தலகு மயாசோராவின் முட்டை ஓடு 44 டிகிரி என்கிறது. வாத்தலகு இனத்தின் தொடையெலும்பு குறைவாக எரித்தேன் என்கிறது. பின்செல்லி ஹல் இரண்டு ஆய்வுகளிலும் பங்கெடுத்தவர். பெரிய உடலில் குறைந்த எரிப்பும் சூட்டைத் தேக்கி வைக்கும் என்று இரண்டையும் சமாதானப்படுத்தலாம். அந்தச் சமாதானம் வளர்ந்த தாய்க்குப் பொருந்தும். குஞ்சுக்குப் பொருந்துமா?

அலாஸ்காவின் வட விளிம்பில், கோல்வில் ஆற்றங்கரைச் சரிவுகளில் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மண் இருக்கிறது. அன்று அந்த நிலம் இன்றைவிடவும் துருவத்துக்கு அருகில் இருந்தது. ஆண்டில் ஏறக்குறைய நான்கு மாதம் இருட்டு, பனி விழும். அங்கே டைனோசர்கள் கிடைக்கின்றன. ஆமையோ முதலையோ பல்லியோ கிடைப்பதில்லை. கோடையில் வந்து போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2021-இல் பேட்ரிக் டிரக்கன்மில்லரின் குழு அந்த மண்ணைச் சலித்து, ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள பற்களையும் எலும்புகளையும் எடுத்தது. முட்டைக்குள் இருந்தவை, அல்லது அப்போதுதான் பொரித்தவை. ஒன்றல்ல, ஏழு குடும்பங்கள். வாத்தலகு இனமும் கொம்பு இனமும் அவற்றில் உண்டு. அடைகாத்துப் பொரிக்கவே பல மாதம் ஆகும். பொரித்த குஞ்சுகள் குளிருக்கு முன் ஆயிரக்கணக்கான மைல் நடந்து தெற்கே போயிருக்க முடியாது. ஆக அவை அந்த இருட்டிலேயே தங்கின. சூட்டைத் தேக்கி வைக்க அந்தக் குஞ்சுகளுக்கு உடம்பு இல்லை. வெயிலும் இல்லை. இவை குறைவாக எரித்த விலங்குகள் என்று தொடையெலும்பு எத்தனை உறுதியாகச் சொன்னாலும், நான் அலாஸ்காக் குஞ்சுகளின் பக்கமே நிற்பேன்.

வெளியே வந்தோம். வாசலருகே டோரோசாரஸின் வெண்கலச் சிலை, ஆள் உயரத்துக்கு மேலே கொம்பும் கழுத்துக் கேடயமுமாக. ட்ரைசெராடாப்ஸின் நெருங்கிய உறவு. வீமனின் கணக்கில் குறைவாக எரித்த கிளை. கொம்பு இனத்து முட்டை ஓட்டைச் சோதித்தால் இது தீர்ந்துவிடாதா என்று கேட்டேன்.

"ஓடு கெடைக்காது சித்தி. கொம்பு இனத்தோட சொந்தக்காரன் ப்ரோட்டோசெராடாப்ஸ் இருக்கில்ல, அதோட முட்டை தோல் மாதிரி மெத்துனு இருந்துதுன்னு 2020-ல கண்டுபிடிச்சாங்க. இதுங்களோட முட்டையும் அப்படியே இருந்திருந்தா, அதுல எங்க மெஷினுக்கு வேண்டிய கார்பனேட்டே தேறாது."

"அப்போ அலாஸ்காக் குட்டிகளோட பல்லு?"

"பல்லுல எனாமல் இருக்கு, கார்பனேட்டும் இருக்கு. ஆனா ரெண்டு மில்லிமீட்டர் பல்ல முழுசாப் பொடிச்சாலும் ஒரு தடவை ஓட்டக்கூடப் பத்தாது. நூத்துக்கணக்குல சேக்கணும். அத்தனையையும் பொடிக்க யார் குடுப்பாங்க? கொறஞ்ச அளவுல அளக்கற மெஷின் வரணும். அதுக்குத்தான் நெறைய பேர் வேலை செஞ்சுக்கிட்டு இருக்காங்க."